பைத்தான்ல ரெண்டு பக்கமும் தேடுற டிக்ஷனரி எப்படி கட்டுறது, எங்கெல்லாம் உடையும்

கேள்வி சுருக்கமா இதுதான். ஒரு சர்வர்ல கனெக்ஷன் நம்பர் குடுத்தா யூசர்நேம் வரணும், யூசர்நேம் குடுத்தா கனெக்ஷன் நம்பர் வரணும், ரெண்டுமே வேகமா இருக்கணும். அதுக்கு பில்ட்-இன் டிக்டை (டிக்ஷனரியை) இன்ஹெரிட் பண்ணி, டண்டர் செட்ஐட்டம் மெத்தடை, அதாவது கீக்கு வேல்யூ வைக்கும்போது பைத்தான் கூப்பிடறதை, மட்டும் மாத்தி, உள்ள இன்னொரு டிக்ட்ல தலைகீழா போட்டு வச்சிருக்கீங்க. பாதி நேரம் ஒழுங்கா ஓடுது, பாதி நேரம் போய்ட்ட யூசர் இன்னும் இருக்கற மாதிரி காட்டுது, அப்டேட் மெத்தட்ல மொத்தமா போட்டா தலைகீழ் பக்கம் காலியா கிடக்கு. ஏன், எப்படி சரியா கட்டுறதுன்னு கேக்குறீங்க.

கட்டுறதுக்கு முன்னாடி இது தேவையான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, ஏன்னா நெறைய பேருக்கு தேவைப்படாது. டேட்டா ஒரு தடவை லோட் ஆகி அப்புறம் மாறவே மாறாதுன்னா ஒரு வரி காம்ப்ரிஹென்ஷன்ல கீயையும் வேல்யூவையும் திருப்பிப் போட்டு ரெண்டாவது டிக்ட் பண்ணிக்கலாம், முடிஞ்சுது. அதுல ஒரே கண்ணி, ரெண்டு கீக்கு ஒரே வேல்யூ இருந்தா கடைசியா வந்தது மட்டும் தங்கும், முன்னாடி இருந்தது எந்த எரரும் இல்லாம காணாம போயிடும். அதனால திருப்பின உடனே ரெண்டு டிக்டோட நீளமும் ஒண்ணான்னு ஒரு செக் போட்டுடுங்க. ஸ்டேட்டஸ் கோடு மாதிரி கோடுலயே எழுதி வச்சிருக்கற நிலையான பட்டியல்னா 3.4லேர்ந்து இருக்கற ஈனம் கிளாஸே போதும், பேர் வச்சும் எடுக்கலாம் வேல்யூ வச்சும் எடுக்கலாம். ஒரே வேல்யூவை ரெண்டு பெயருக்கு குடுத்தா அது ரெண்டாவதை அலியாஸா, அதாவது முதலோட இன்னொரு பெயரா, ஆக்கிடும், அது வேணாம்னா யூனிக் டெக்கரேட்டரை மேல போடணும். மொத்தமே முப்பது நாப்பது என்ட்ரி, எப்பவாச்சும்தான் தலைகீழா தேடுவீங்கன்னா ஒரு லூப் போட்டு தேடிக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

உங்க கேஸ் அப்படி இல்ல. கனெக்ஷன் நிமிஷத்துக்கு நிமிஷம் வருது போகுது, ரெண்டு பக்கமும் மாறிக்கிட்டே இருக்கு. இதுக்கு கிளாஸ் எழுதலாம், நியாயமானதுதான்.

இப்ப உங்க கோடு ஏன் உடைஞ்சுதுன்னு பாப்போம். பில்ட்-இன் டிக்டோட மெத்தடுங்க எல்லாம் சி மொழில எழுதினது, அதுங்க ஒண்ணை ஒண்ணு கூப்பிடும்போது நீங்க சப்கிளாஸ்ல மாத்தின மெத்தடை தேடிப் பாக்கறதில்ல, டேட்டா இருக்கற உள் டேபிள்ல (ஹாஷ் டேபிள்) நேரா கை வச்சிடும். பைத்தான் பக்கம் திரும்பியே பாக்காது. கன்ஸ்ட்ரக்டர், அப்டேட், செட்டிஃபால்ட் இதெல்லாம் உங்க செட்ஐட்டத்தை கூப்பிடாது, பாப், பாப்ஐட்டம், கிளியர் எல்லாம் உங்க டெல்ஐட்டத்தை (அழிக்கற மெத்தட்) கூப்பிடாது, கெட் உங்க கெட்ஐட்டத்தை (எடுக்கற மெத்தட்) கூப்பிடாது. ஆக எழுதறதுக்கு ஏழெட்டு வாசல் இருக்கு, நீங்க ஒண்ணே ஒண்ணுல காவல் போட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணா எல்லாத்தையும் மாத்தி எழுதலாம்தான், ஆனா 3.9ல செங்குத்துக்கோடு ஆபரேட்டர் வச்சு ரெண்டு டிக்டை சேக்கற வசதி வந்த மாதிரி நாளைக்கு இன்னொரு வழி வந்தா அதையும் ஞாபகம் வச்சு அடைக்கணும். அந்த வேலையே வேணாம்.

டிக்டை இன்ஹெரிட் பண்ணாதீங்க. கலெக்ஷன்ஸ் மாட்யூலோட ஏபிசி பகுதியில மியூட்டபிள்மேப்பிங்னு ஒரு அடிப்படை கிளாஸ் இருக்கு, அதை இன்ஹெரிட் பண்ணுங்க. அதுல நீங்க எழுத வேண்டியது அஞ்சே மெத்தட்: எடுக்கறது, வைக்கறது, அழிக்கறது, ஒவ்வொண்ணா சுத்தி வர்றது, நீளம். மீதி அப்டேட், பாப், செட்டிஃபால்ட், கிளியர், சமமான்னு பாக்கறது எல்லாம் இந்த அஞ்சு மேலயே கட்டினது, அதனால எந்தப் பக்கமா வந்தாலும் உங்க வாசல் வழியாத்தான் வந்தாகணும். யூசர்டிக்டும் இதே குடும்பம்தான், ஆனா அது உள்ள டேட்டான்னு ஒரே ஒரு டிக்டை மனசுல வச்சு எழுதினது, நமக்கு ரெண்டு வேணும்கறதால நேரா மியூட்டபிள்மேப்பிங் எடுக்கறதுதான் எனக்கு சுத்தமா படுது. ஒரு சின்ன விஷயம், இதோட பாப்ஐட்டம் முதல்ல இருக்கற ஜோடியை எடுத்துக் குடுக்கும், பில்ட்-இன் டிக்ட் கடைசியா போட்டதை குடுக்கும். அதை நம்பி கோடு எழுதியிருந்தா மாத்தி எழுதிக்கோங்க.

சிலர் ரெண்டு டிக்ட் எதுக்கு, ஒரே டிக்ட்லயே கீ-வேல்யூ ஒண்ணும் வேல்யூ-கீ ஒண்ணும் போட்டுடலாமேன்னு கேப்பாங்க. நம்பரும் பேரும் வேற வேற டைப்பா இருக்கற வரைக்கும் ஓடும். ரெண்டு பக்கமும் நம்பர்னா 1க்கு 2, 2க்கு 3ன்னு போட்டவுடனே 2ங்கற கீ யாரோட பங்குன்னு தெரியாம மோதிடும். நீளமும் டபுளா காட்டும், சுத்தி வந்தா எது கீ எது வேல்யூன்னு பிரிக்க முடியாது. ரெண்டு டிக்டே வச்சுக்கோங்க. மெமரி ரெண்டு மடங்கு ஆகும்னு பயப்பட வேணாம், கீ வேல்யூ ஆப்ஜெக்டுங்க காப்பி ஆகறதில்ல, ரெஃபரன்ஸ் மட்டும்தான் ரெண்டாவது டேபிள்ல போய் உக்காரும்.

இப்ப முக்கியமான இடம், இதை முடிவு பண்ணாம ஒரு வரி கூட எழுதாதீங்க. கனெக்ஷன் 4ல கயல்னு ஒரு யூசர் இருக்கா. இப்ப கனெக்ஷன் 9ல இருந்தும் கயல்ங்கற பேர்ல லாகின் வருது. என்ன பண்ணணும்? மூணு பதில் இருக்கு, மூணுமே வேற வேற டேட்டா ஸ்ட்ரக்சர். ஒண்ணு, முடியாதுன்னு எரர் எறியறது. ரெண்டு, பழைய 4ஐ தூக்கிட்டு 9ஐ வைக்கறது. மூணு, ஒரே ஆள் ரெண்டு டிவைஸ்ல இருக்கலாம்னு ரெண்டையும் வச்சுக்கறது. பைத்தான் உங்களுக்காக இதை முடிவு பண்ணாது, நீங்க முடிவு பண்ணலேன்னா கோடு எந்த வரிசைல எழுதியிருக்கோ அதுவே முடிவு பண்ணிடும், அப்பதான் பக்கம் ஒண்ணு கயலுக்கு 9ன்னும் இன்னொரு பக்கம் 4க்கு கயல்னும் சொல்லும். உங்களுக்கு பேய் யூசர் தெரியறதுல பாதி இதனாலதான்.

என்னோட பழக்கம் என்னன்னா, சாதாரணமா எழுதும்போது எரர், வேணும்னு கேட்டா மட்டும் பழசை தூக்கறதுக்கு தனி மெத்தட். ஜாவா உலகத்துல குவாவா லைப்ரரியோட பைமேப் இதையேதான் பண்ணுது, சாதாரண புட் எரர் எறியும், ஃபோர்ஸ்புட்னு தனியா ஒண்ணு இருக்கும். பைத்தானுக்கு இருக்கற பைடிக்ட் லைப்ரரியும் அதே மாதிரிதான், வேல்யூ ஏற்கனவே இன்னொரு கீகிட்ட இருந்தா எக்ஸெப்ஷன், மீறி வைக்கணும்னா ஃபோர்ஸ்புட். அதே கீக்கு புது வேல்யூ குடுக்கறது மட்டும் சாதாரண டிக்ட் மாதிரியே சத்தமில்லாம மாத்திடும், அது எல்லாரும் எதிர்பாக்கறதுதான்.

சரி, வைக்கற மெத்தடை எழுதுவோம், இதுலதான் மொத்த உயிரும் இருக்கு. முன்பக்க டிக்டை நேர்னு வச்சுக்குவோம், பின்பக்கத்தை மறுன்னு வச்சுக்குவோம். முதல்ல எதையும் தொடாம ரெண்டு தேடல் மட்டும்: மறுல இந்த வேல்யூ இருக்கா, இருந்தா யார்கிட்ட இருக்கு, அப்புறம் நேர்ல இந்த கீக்கு பழைய வேல்யூ என்ன இருக்கு. கெட் மெத்தடை வச்சு நன் (ஒண்ணுமில்லைங்கற வேல்யூ) வருதான்னு பாக்காதீங்க, ஏன்னா நன் கூட ஒரு செல்லுபடியாகற கீதான், அதனால கிளாஸுக்கு வெளிய ஒரு வெறும் ஆப்ஜெக்டை அடையாளத்துக்கு பண்ணி வச்சு அதை டிஃபால்டா குடுங்க. இந்த ரெண்டு தேடலுக்கு இன்னொரு லாபம் இருக்கு. யாராவது லிஸ்டை வேல்யூவா குடுத்தா ஹாஷ் பண்ண முடியாதுன்னு (ஹாஷ்ங்கறது டிக்ட் கீயை தேடறதுக்கு கணக்கு பண்ற நம்பர்) டைப்எரர் இந்த இடத்துலயே வந்துடும், எதையும் மாத்தறதுக்கு முன்னாடியே. உங்க பழைய கோடுல முதல்ல நேர்ல எழுதிட்டு அப்புறம் மறுல எழுதறீங்க, லிஸ்ட் வந்தா நேர்ல ஏறியிருக்கும், மறு வெடிச்சிருக்கும், பாதில நிக்கும்.

தேடி முடிச்சதும், வேல்யூ வேற கீகிட்ட இருந்தா எரர். இதே கீகிட்டயே இருந்தா ஏற்கனவே இருக்கற ஜோடிதான், ஒண்ணும் பண்ணாம திரும்பிடுங்க. இல்லேன்னா, கீக்கு பழைய வேல்யூ இருந்தா மறுல இருந்து அந்தப் பழைய வேல்யூவை பாப் பண்ணணும். இந்த ஒரு வரிதான் உங்க கோடுல இல்லாதது, பேய் யூசர் வர்ற மீதி பாதி காரணம் இதுதான், 4க்கு கயல் இருந்த இடத்துல மாறன்னு மாத்தினா மறுல கயல் இன்னும் 4ஐ காட்டிக்கிட்டே நிக்கும். அப்புறம் நேர்ல ஒரு தடவை எழுதணும், மறுல ஒரு தடவை எழுதணும்.

அந்த பாப் ஒரு விஷயத்தை திருப்பிக் குடுக்கும் பாருங்க, அதை தூக்கிப் போடாதீங்க. பைத்தானுக்கு 1, 1.0, ட்ரூ மூணும் சமம், ஹாஷும் ஒண்ணு. டிக்ட்ல 1ங்கற கீ இருக்கும்போது ட்ரூங்கற கீல எழுதினா வேல்யூ மட்டும் மாறும், உள்ள இருக்கற கீ ஆப்ஜெக்ட் பழைய 1ஏதான். ஆனா மறுல நீங்க புதுசா குடுத்த ட்ரூவை வேல்யூவா எழுதிட்டீங்கன்னா நேர் 1ன்னு சொல்லும், மறு ட்ரூன்னு சொல்லும், சமமான்னு கேட்டா ஆமாம்னும் வரும், பிரிண்ட் பண்ணிப் பாத்தா தலை சுத்தும். பாப் குடுக்கறது முதல்ல சேமிச்ச அதே கீ ஆப்ஜெக்ட்தான், அதையே திரும்ப மறுல எழுதினா பிரச்சினையே வராது. ஒரு செலவும் இல்லாம கிடைக்கற திருத்தம் இது.

அழிக்கறது சுலபம், நேர்ல இருந்து பாப் பண்ணி வர்ற வேல்யூவை மறுல அழிக்கணும். ஃபோர்ஸ் மெத்தட்ல ஒண்ணு கவனிங்க, 4க்கு கயல், 7க்கு மாறன் இருக்கும்போது 4க்கு மாறனை ஃபோர்ஸ் பண்ணா ரெண்டு ஜோடியும் உடைஞ்சு ஒண்ணு மட்டும் மிஞ்சும். எழுதற வேலை நீளத்தை குறைக்கும், இது பிழை இல்ல, அப்படித்தான் இருக்கணும், ஆனா டாக்ஸ்ட்ரிங்ல எழுதி வைங்க.

இதுல இருந்து ஒரு வேடிக்கை வரும். சாதாரண டிக்ட்ல ரெண்டு கீயோட வேல்யூவை ஒரே வரில இடம் மாத்துவோமே, அது எரர் எறியற டிசைன்ல வேலை செய்யாது, ஏன்னா முதல்ல 4க்கு மாறனை வைக்கப் போகும்போது மாறன் இன்னும் 7கிட்ட இருக்கான், கதவு மூடிடும். ஃபோர்ஸ்ல ரெண்டு வரியா எழுதினா சரியா வந்துடும், வலது பக்க வேல்யூ ரெண்டையும் முன்னாடியே வேரியபிள்ல எடுத்து வச்சுட்டா போதும். அடிக்கடி தேவைன்னா ஸ்வாப்னு தனி மெத்தடே எழுதிடுங்க.

மொத்தமா அப்டேட் பண்றதுலயும் ஒரு முடிவு எடுக்கணும். மியூட்டபிள்மேப்பிங் குடுக்கற அப்டேட் ஒவ்வொண்ணா வைக்கும், பத்துல நாலாவது மோதினா முதல் மூணு உள்ள போயிருக்கும், எரரும் வந்திருக்கும். அது பரவாயில்லன்னா விட்டுடுங்க. எல்லாம் போகணும் இல்ல ஒண்ணும் போகக்கூடாதுன்னா முழு டிக்டையும் காப்பி எடுத்து முயற்சி பண்றது சுலபமான வழி, ஆனா லட்சம் என்ட்ரி இருக்கற டிக்ட்ல ரெண்டு ஜோடி சேக்க லட்சத்தையும் காப்பி எடுக்கறது அநியாயம். நான் பண்றது, கீ இருந்துதா, இருந்தா பழைய வேல்யூ என்னன்னு ஒரு லிஸ்ட்ல எழுதிக்கிட்டே போய் எரர் வந்தா பின்னாடியிலேர்ந்து ஒவ்வொண்ணா திருப்பறது. டேட்டா திரும்பிடும், வரிசை மட்டும் முன்ன மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது.

அடுத்தது வெளிய எப்படி காட்டறதுங்கறது. யூசர்நேம் வச்சு தேடறதுக்கு தனி மெத்தட் எழுதலாம், ஆனா தலைகீழ் பக்கத்தையே ஒரு முழு டிக்ஷனரியா குடுக்கறது அழகு, அப்பதான் அதுலயும் கெட், இன், அழிக்கறது எல்லாம் வேலை செய்யும். இதுக்கு பலர் ரெண்டு ஆப்ஜெக்ட் பண்ணி ஒண்ணுக்குள்ள ஒண்ணை வச்சுப்பாங்க, அப்ப வட்டமான ரெஃபரன்ஸ் உருவாகும், ரெஃபரன்ஸ் கவுண்ட் பூஜ்யமே ஆகாது, கார்பேஜ் கலெக்டர் வர்ற வரைக்கும் மெமரில கிடக்கும். வீக்ரெஃப், அதாவது கவுண்ட்ல சேராத ரெஃபரன்ஸ், வச்சு தப்பிக்கலாம். எனக்கு பிடிச்சது அதைவிட எளிசு: கிளாஸோட நிலைமையே ரெண்டு டிக்ட் மட்டும்தானே, தலைகீழ் கேட்கும்போதெல்லாம் அதே கிளாஸ்ல ஒரு புது ஆப்ஜெக்டை இனிட் ஓடாம பண்ணி, அதே ரெண்டு டிக்டை இடம் மாத்தி குடுத்துடுங்க. காப்பி இல்ல, வட்டம் இல்ல, இந்தப் பக்கம் எழுதினா அந்தப் பக்கம் தெரியும். ஒரே கட்டுப்பாடு, கிளியர் எழுதும்போது ரெண்டு டிக்டையும் அதே இடத்துல காலி பண்ணணும், புது காலி டிக்டை அசைன் பண்ணா ஏற்கனவே குடுத்த தலைகீழ் ஆப்ஜெக்ட் பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

தலைகீழ் பக்கமா எழுதும்போது விதியும் திரும்பும்ங்கறதை மறக்காதீங்க. நேர்ல 9க்கு கயலை வச்சா எரர், ஆனா தலைகீழ்ல கயலுக்கு 9ஐ வச்சா அங்க கயல்தான் கீ, கீக்கு புது வேல்யூ குடுக்கற கணக்கு, அதனால 4 சத்தமில்லாம போயிடும். தர்க்கப்படி சரிதான், எந்தப் பக்கம் நிக்கறீங்களோ அந்தப் பக்க கீக்கு சத்தமில்லாம புது வேல்யூ குடுக்கலாம். உங்க டீம்ல யாராவது இதுல விழுவாங்கன்னு தோணுச்சுன்னா தலைகீழை மேப்பிங்ப்ராக்சி போட்டு படிக்க மட்டும் குடுத்துடுங்க.

இதே காப்பி விஷயத்துல இன்னொரு ஓட்டை. காப்பி மாட்யூல் வச்சு மேலோட்டமா காப்பி எடுத்தா உள்ள இருக்கற ரெண்டு டிக்டும் பகிரப்படும், காப்பின்னு நினைச்சு எழுதறது அசல்லயும் மாறும். டண்டர் காப்பி எழுதி ரெண்டு டிக்டையும் தனியா காப்பி பண்ணிக் குடுங்க. டீப்காப்பிக்கும் பிக்கிளுக்கும் (ஆப்ஜெக்டை பைட்டா மாத்தி சேமிக்கற மாட்யூல்) ஒண்ணும் பண்ண வேணாம், லாக் வைக்காத வரைக்கும்.

வரிசை பத்தி. 3.7லேர்ந்து டிக்ட் போட்ட வரிசையை காப்பாத்தும்னு மொழியே உத்தரவாதம் குடுக்குது. ஆனா நேர்ல ஒரு கீயோட வேல்யூவை மாத்தினா கீ பழைய இடத்துலயே இருக்கும், மறுல பழைய வேல்யூ அழிஞ்சு புதுசு கடைசில போய் நிக்கும். ரெண்டு பக்க வரிசையும் பிரிஞ்சிடும். இது எங்க கடிக்கும்னா, வேல்யூஸ் மெத்தடை வேகமாக்கறேன்னு மறு டிக்டோட கீஸை அப்படியே திருப்பிக் குடுப்பாங்க, தோணறது நியாயம்தான், ஏன்னா சும்மா வர்ற வேல்யூஸ்ல இன் போட்டு தேடினா முழுக்க சுத்தி வரும். ஆனா அப்புறம் யாரோ கீஸையும் வேல்யூஸையும் ஜிப் பண்ணுவாங்க, ஜோடி மாறி வரும், எரர் வராது. அதனால வேல்யூஸ் வியூவை சப்கிளாஸ் பண்ணி இருக்கான்னு பாக்கற மெத்தடை மட்டும் மறு பக்கம் திருப்பிவிடுங்க, சுத்தி வர்றது நேர் வழியாவே இருக்கட்டும்.

த்ரெட் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். தனி டிக்ட்ல ஒரு தடவை எழுதறது பத்திரம், ஆனா நாம ரெண்டு இடத்துல எழுதறோம், நடுவுல இன்னொரு த்ரெட் படிச்சா ஒரு பக்கம் இருக்கும் மறு பக்கம் இருக்காது. ஜில் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடற பூட்டு) இருந்தாலும் இது நடக்கும், 3.13ல சோதனைக்கு விட்ட ஜில் இல்லாத பில்டுலயும் நடக்கும். லாக் போடுங்க, தலைகீழ் ஆப்ஜெக்டுக்கும் அதே லாக்கை குடுங்க, காப்பிக்கும் பிக்கிளுக்கும் அப்ப தனியா எழுத வேண்டி வரும், லாக் பிக்கிள் ஆகாது. அசின்க்ஐஓன்னா, நடுவுல அவெய்ட் இல்லாத வரைக்கும் ஒண்ணும் தேவையில்ல.

வேல்யூ இப்ப கீயும் ஆயிடுச்சுங்கறதால ஹாஷ் ஆகற, மாறாத ஆப்ஜெக்டா இருக்கணும். டேட்டாகிளாஸ் வைக்கறதா இருந்தா ஃப்ரோசன் போடுங்க, சும்மா போட்டா ஹாஷே கிடைக்காது.

மூணாவது பதில், அதாவது ஒரே யூசருக்கு பல டிவைஸ், வேணும்னா அதுக்கு வேற கிளாஸ் எழுதுங்க, இதையே வளைக்காதீங்க. மறு பக்கம் பேருக்கு ஒரு செட் இருக்கும், தலைகீழோட டைப்பே வேற, அதனால சமச்சீரா திருப்பற வித்தை இங்க செல்லாது. டிஃபால்ட்டிக்ட் வச்சீங்கன்னா இல்லாத பேரை சும்மா கேட்டாலே காலி செட் உருவாகிடும், இன் போட்டா இருக்குன்னு சொல்லும். எழுதும்போது மட்டும் செட்டிஃபால்ட், அழிக்கும்போது செட் காலியானா அந்த பேரையே தூக்கிடறது, இந்த ரெண்டும் போதும்.

இவ்வளவு படிச்சிட்டு நானே எழுதணுமான்னு கேட்டா, ப்ரொடக்ஷனுக்கு பைடிக்டை பிப்ல இன்ஸ்டால் பண்ணிடுங்கன்னுதான் சொல்வேன், மாத்த முடியாத வகையும் வரிசை காக்கற வகையும் அதுலயே இருக்கு. டிபெண்டன்சி வேணாம்னா மேல சொன்னது ஒரு நூறு வரிக்குள்ள அடங்கிடும். எழுதினா டெஸ்ட் ஒண்ணு கட்டாயம்: ரெண்டு டிக்டோட நீளமும் சமமா, நேர்ல இருக்கற ஒவ்வொரு கீக்கும் மறுல போய் திரும்பினா அதே கீ வருதா. இதை ஒரு ஃபங்ஷனா எழுதி, வைக்கறது, அழிக்கறது, ஃபோர்ஸ், அப்டேட், கிளியர்னு எதேச்சையா ஆயிரம் தடவை கலந்து ஓடவிட்டு ஒவ்வொண்ணுக்கும் அப்புறம், எரர் வந்த பிறகும் சேத்து, கூப்பிடுங்க. கீ வேல்யூ ரெண்டையும் 0லேர்ந்து 5க்குள்ளயே எடுங்க, ரேஞ்ச் பெருசா இருந்தா மோதவே மோதாது, டெஸ்ட் சும்மா பச்சை காட்டும். ஹைப்போதெசிஸ் லைப்ரரி தெரிஞ்சா அதோட ஸ்டேட்ஃபுல் டெஸ்டிங் இதையே பண்ணும், உடைஞ்சா எந்த சின்ன வரிசைல உடையுதுன்னும் சுருக்கிக் காட்டும்.

நாளைக்கு ரூம் ஐடி வச்சும் தேடணும், ஐபி வச்சும் தேடணும்னு மூணாவது நாலாவது பக்கம் கேட்டாங்கன்னா இந்த கிளாஸை நீட்டாதீங்க, பைத்தானோட கூடவே வர்ற எஸ்க்யூலைட்ல மெமரி டேட்டாபேஸ் ஒண்ணு திறந்து, பேரும் கனெக்ஷனும் யூனிக்னு போட்டு, மீதிக்கு இண்டெக்ஸ் போட்டுடுங்க.